வியாழக்கிழமை அம்மா – 11: குடை எடுத்துக்கிட்டாளா?

மகள் கொண்டுவந்த பெட்டி இன்னும் கூடத்திலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியவள் அதை முழுசாகத் திறக்கவே இல்லை. ஓரத்து ஜிப்பை மட்டும் இழுத்து, தேவையான துணியை உருவிக்கொள்வாள். திறந்து அடுக்கினால் தங்க வந்தவள் ஆகிவிடுவாளாம். அவள் வந்தது அம்மாவைக் கூட்டிப்போக.

"பிரசவம் வரைக்கும் என்கூட வந்து இரும்மா" என்று வந்த அன்றே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டுவிட்டாள். ஒருமுறை கலைந்த வயிறு. இப்போது ஐந்தாம் மாதம். கனம் தூக்கக் கூடாது, தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு இரவு வேலை. வேறு யாரைக் கேட்பாள்?

"யோசிக்கிறேன்" என்றாள் அம்மா.

பெற்ற மகள் கேட்டால் எந்தத் தாய் யோசிப்பாள்? அந்தச் சொல்லும் பெட்டியைப் போலவே வீட்டின் நடுவில் நின்றது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் மட்டும் வாயைத் திறக்காமல் சனிக்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டான்.

இன்று வியாழக்கிழமை.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒட்ட வெட்டிய நகம்தான். இருந்தாலும் ஒவ்வொரு விரலாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இல்லாத முனையையும் தேய்த்தாள். திங்களும் வியாழனும் காலையில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையுறை போட்டாலும் நகம் இருந்தால் பஞ்சின் மேல் அழுத்தும்போது உறுத்தும். அடுத்தவர் கையில் ரத்தம் வரும் இடத்தில் உறுத்தக் கூடாது.

திங்களும் வியாழனும் அவள் புருஷனின் நாட்கள். சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு வாரம் இரண்டு முறை அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள். டயாலிசிஸ் வார்டின் கதவு வரைதான். "நீ உள்ள வராதே. பாத்தா தாங்க மாட்டே" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். அந்தச் சத்தத்தோடு போட்டி போட முடியாமல் பேச்சையே குறைத்துக்கொண்டவர். வீட்டிலும் 'விளக்கை அணை', 'போதும்', 'வரேன்' என்ற அளவில்தான். அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. நடையில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பாள். உள்ளே போன மனுஷன் நாலு மணி நேரம் கழித்து வெளுத்துப்போய் வெளியே வருவார். நடுவில் நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. அதிலும் யாரோ காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, தன்னை அறியாமலே குளித்து, பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கால் போயிற்று. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அடுத்த வியாழனும் போனாள். அதற்கடுத்த வாரம் வார்டு டெக்னீசியன் வெளியே வந்து, "ஏம்மா வெளியவே உட்கார்ந்திருக்கீங்க? உள்ள வாங்க" என்றான்.

அன்றுதான் முதல்முறையாக அந்தக் கதவைத் தாண்டினாள். "எங்க வீட்டுக்காரர் பக்கத்துல யார் இருந்தது?" என்று கேட்டாள். படுத்திருந்தவர்கள் எல்லாம் மெஷினைப் பார்த்தார்கள். ஒரே ஒருவர் கையைத் தூக்கினார்.

"நான்தான், அண்ணி."

இதெல்லாம் மகளுக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. செத்தவரைத் தேடிப் போகிறேன் என்றால் பெற்ற மகளே பயந்துவிடுவாள். 'தொண்டு செய்யறேன்' என்றால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. அந்தச் சொல் ஒரு நல்ல போர்வை.

"டூட்டிக்குக் கிளம்பியாச்சா?" என்று அண்ணன் தலை துவட்டிக்கொண்டே வந்தான். "எங்க ஆபீஸ்ல எவனும் இப்படி நேரத்துக்குப் போறதில்லைம்மா."

"சம்பளம் வாங்கறவங்களுக்கு லீவு உண்டு. எனக்கு ஏது?"

சோபாவில் சாய்ந்திருந்த மகள் சிரிக்கவில்லை. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்க. அந்தத் தைரியத்துலதான் போறியாம்மா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மருமகள் காதை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா நகவெட்டியை மடக்கினாள். "பஞ்சைப் பிடிக்க ஆள் இல்லாதவங்க இருக்காங்கடி."

"எனக்கு மட்டும் ஆள் வரிசையில நிக்குதா?"

அம்மா எழுந்து பிளாஸ்கைத் தேடினாள். மகளும் எழுந்தாள்.

"நானும் வர்றேன்."

"ஆஸ்பத்திரிக்கா? இந்த வயித்தோடவா?"

"வாசல் வரைக்கும் வண்டி போகும்ல? உட்கார்ந்துதானே இருக்கப் போறேன். என்னைவிடப் பெரிய ஆளு அங்க யார்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று அண்ணன் கேலியாகத் தன் மனைவியைக் கூப்பிட்டான். தங்கை கூப்பிடுவதைப் போலவே.

"நான் ஏன் நடுவுல? ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் நாத்தனார். நான் பருப்பு வேகுதான்னு பாக்கறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வண்டியில் ஏறும்போது மகளுக்கு அடிவயிற்றில் லேசாக ஒரு சுருக். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். பிறகு சரியாகிவிட்டது.

*

வார்டில் ப்ளீச்சிங் பவுடர் வாசனையும் வெந்நீர் வாசனையும் கலந்து வந்தது. இரண்டு வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். ஒவ்வொன்றிலும் ஒரு சக்கரம் சளைக்காமல் சுற்றியது. போர்வைக்கு வெளியே நீட்டிய கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. முழங்கைக்குக் கீழே மேடு தட்டி, ஊசி போட்டுப் போட்டுத் தடித்த தோல்.

மகள் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்பா இங்கேதான் வந்துகொண்டிருந்தார் என்று தெரியும். ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. தானாகப் பார்த்து ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அவர் பேச்சை நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான். குழந்தை கலைந்தபோதுகூட அம்மாவின் குரல்தான் போனில் வந்தது. அதுவும் கிசுகிசுப்பாக. அடுத்து அவள் அந்த வீட்டுப் படியேறியது அவர் உடலைத் தூக்குவதற்குச் சற்று முன்னால்தான்.

"வியாழக்கிழமை அம்மா வந்தாச்சு!" என்றது ஒரு நாற்காலி.

"போன திங்கக்கிழமை என்னைத் திங்கக்கிழமை அம்மான்னீங்க" என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா ஹாஸ்யமாகப் பேசுவாள் என்பதே அவளுக்குப் புதிது.

வாசல் பக்கம் ஒரு கல்லூரிப் பெண், கையில் கணினிப் பலகையோடு, தொண்டு செய்ய வரும் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஆராய்ச்சியாம். வயதானவர்களை இதற்குத் தூண்டுவது எது என்று.

சக்கர நாற்காலி தள்ளும் வழுக்கைத் தலைத் தாத்தா முதலில் மாட்டினார். "வீட்ல மருமக கூட்டும்போதெல்லாம் 'காலைத் தூக்குங்க மாமா'ன்னு சொல்லுவா. நாள் முழுக்கக் காலைத் தூக்கிக்கிட்டே எத்தனை நாள் உட்கார்றது? இங்க யாரும் காலைத் தூக்கச் சொல்றதில்லை. அதான் வர்றேன்."

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். "அதை... நேரம் போக்கன்னு போட்டுக்கட்டுமா தாத்தா?"

"உன் இஷ்டம்."

அடுத்தது அம்மா. "சமூகப் பொறுப்பு, ஆன்மிகம், நேரம் போக்க, புதிய நட்பு, உடல் ஆரோக்கியம். இதுல உங்களுக்கு எது பாட்டி?"

"எதுன்னாலும் போட்டுக்கோம்மா."

"அப்படிப் போடக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

அம்மா கையுறையை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "கால் பழகிடுச்சுன்னு போடு."

"அந்த ஆப்ஷன் இல்லையே பாட்டி."

"இல்லாட்டி விடு. அதோ ஊசி எடுக்கறாங்க, நான் போகணும்."

ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு அம்மா கிட்டத்தட்ட ஓடினாள். ஓய்வுபெற்ற தபால்காரர். வார்டில் அவருக்குத் தபால் என்றே பெயர். ஊசியை உருவியதும் பஞ்சை வைத்து அழுத்தவேண்டும். மற்றவர்கள் தங்கள் இன்னொரு கையாலேயே அழுத்திக்கொள்கிறார்கள். இவருக்கு அந்த இன்னொரு கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

டெக்னீசியன் ஊசியை எடுத்த அதே நொடியில் அம்மாவின் இரண்டு விரல்கள் பஞ்சின் மேல் உட்கார்ந்தன. சீருடை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிய விரல்கள். துணி நழுவாமலும் சுருங்காமலும் பிடிக்கத் தெரிந்தவை.

"இங்க வாடி" என்று மகளைக் கூப்பிட்டாள். "இந்த இடத்தைத் தொட்டுப் பாரு. அழுத்தாதே. சும்மா வை."

பஞ்சுக்குச் சற்று மேலே, தோலின் மேல் மகள் விரலை வைத்தாள். உள்ளே ஏதோ விர்ரென்று ஓடியது. டப்பாவில் அடைத்த தேனீ மாதிரி.

"ரெண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தச்சு வெச்சிருக்காங்க. இந்தச் சத்தம் இருக்கணும். ரொம்ப அழுத்தினா நின்னுடும். நின்னா மறுபடி கத்தி. விட்டா ரத்தம் பீச்சும். ரெண்டுக்கும் நடுவுல பிடிக்கணும்." அம்மா குரல் தணிந்தது. "உங்கப்பா கையிலயும் இது இருந்துச்சாம். அத்தனை வருஷம் பக்கத்துல படுத்தேன். ஒரு நாள் தொட்டுப் பாத்ததில்லை."

"இதுதான் மகளா?" என்றார் தபால். "சொல்லவே வேண்டாம் அண்ணி. அந்தக் கண்ணு ஒண்ணு போதும். அப்படியே அண்ணன் கண்ணு."

மகள் திடுக்கிட்டாள். அவள் கண் அம்மாவின் கண். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது அது. கண் மருத்துவமனையில் பார்வை அளந்து கண்ணாடி எழுதிக் கொடுப்பவள் அவள். கண்ணைப் பற்றி அவளிடம் யாரும் தவறாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நினைப்பு முடிவதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"உங்களைப் பத்தி அண்ணன் பேசாத நாள் இல்லைம்மா. அதோ அந்த ஜன்னல்ல மேகம் கறுத்தாப் போதும். 'தபாலு, இந்நேரம் வேலையை விட்டுக் கிளம்புவா. குடை எடுத்துக்கிட்டாளோ என்னமோ'ன்னு கேப்பார். அந்த ஊர்ல மழையான்னு எனக்கு எப்படித் தெரியும்? 'எடுத்துக்கிட்டிருப்பாங்க அண்ணே'ன்னு நான் சொல்லணும். சொன்னாத்தான் கண்ணை மூடுவார்."

மகள் அந்த ஜன்னலைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் போன காலம் முழுக்கக் குடை தொலைத்தவள் அவள். 'குடையைத் தொலைக்கறதுக்குன்னே பொறந்தவ' என்று அப்பா திட்டுவார். அவர் அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியமே அதுவாகத்தான் இருக்கும். அந்த மனுஷன் இந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு, பேசாமல் ஒதுக்கிய மகளுக்காக வானத்தைப் பார்த்தாரா?

கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மட்டும் பஞ்சில் அசையாமல் இருந்தன.

*

போட்டோ எடுக்க வேண்டுமென்று தொண்டு செய்பவர்களை எல்லாம் கீழே கூப்பிட்டார்கள். அம்மா பஞ்சை எடுத்துப் பார்த்து, காய்ந்ததை உறுதி செய்து, கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். "இவர் எழுந்திருக்கறப்ப தலை சுத்தும், கொஞ்சம் பாத்துக்கோ" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தபால் உடனே எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. கோபப்படாமக் கேக்கணும்."

"சொல்லுங்க."

"உங்க அப்பாவை நான் பாத்ததே இல்லை."

பக்கத்து மெஷின் ஏதோ எச்சரிக்கைக்குக் கீச்சிட்டது. டெக்னீசியன் வந்து அமர்த்திவிட்டுப் போனான்.

"இங்க ஒரு நாற்காலி காலியானாத்தான் அடுத்தவனுக்கு இடம். நான் பேர் கொடுத்துட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். ஒருநாள் போன் வந்துச்சு, வாங்கன்னு. சந்தோஷமா வந்தேன். யாரோ போனதாலதான் கூப்பிடறாங்கன்னு தெரியும். யாருன்னு தெரியாது. கொஞ்ச நாள்ல உங்க அம்மா உள்ள வந்து, எங்க வீட்டுக்காரர் பக்கத்துல யார் இருந்ததுன்னு கேட்டாங்க. அவர் படுத்த நாற்காலியிலதான் அப்போ நான் படுத்திருக்கேன். பக்கத்துல இருந்தவங்கல்லாம் அதுக்குள்ள வேற நேரத்துக்கு மாறிட்டாங்க. சிலபேர்... உங்களுக்கே தெரியுமே. யாரும் வாயைத் திறக்கலை."

"அதுக்கு?"

"அந்த முகத்தை நீங்க பாத்திருந்தா நீங்களும் கையைத் தூக்கியிருப்பீங்க." அவர் நடுங்கும் கையை இன்னொரு கைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். "முதல் நாள் பரிதாபத்துல சொன்னது. அதுக்கப்புறம் சுயநலம்மா. கதை தீர்ந்துபோச்சுன்னா வர மாட்டாங்களோன்னு பயம். என் பையன் நல்லவன்தான். ஆனா போன்ல நல்லவன். போனால பஞ்சு பிடிக்க முடியாது."

'அண்ணன் கண்ணு' என்றாரே. அந்தக் கண். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பார்வைப் பலகையின் எழுத்துகளை வெளியே நின்று மனப்பாடம் செய்துவிட்டு வந்து அவளிடம் ஒப்பிக்கும் முதியவர்கள் உண்டு. வண்டி ஓட்டும் உரிமம் போய்விடுமே என்ற பயத்தில். அவர்கள் குரலில் ஒரு அவசரம் இருக்கும். இவர் குரலிலும் அது இருந்தது. அவள்தான் கேட்க விரும்பவில்லை.

"குடை?"

"உங்க அம்மா சொன்னதுதான். நீங்க சின்ன வயசுல குடை தொலைச்ச கதை. அவங்க கொடுக்கற நூல்லதான் நான் நெய்யறேன். எனக்குன்னு என்ன தெரியும்?" அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அண்ணனையே பாக்காதவன் அண்ணின்னு கூப்பிடறேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவங்க சேதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன்மா நான். யாரும் அனுப்பாத சேதியைக் கொடுக்கறது இந்த ஒரு வீட்டுக்குத்தான்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"அவங்ககிட்ட சொல்றப்போ அவங்க முகம் மலரும். அதுல என் பொய் எனக்கே நிஜமாத் தெரியும். நீங்க அழுதீங்க. அது தாங்கலை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீங்க கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்கன்னு திங்கக்கிழமையே சொன்னாங்க. போறதா வேண்டாமான்னு எங்கிட்டயே கேட்டாங்க. 'உங்க இஷ்டம் அண்ணி'ன்னு சொல்லிட்டேன். போங்கன்னு சொல்ல வாய் வரலை. நான் சொன்னதெல்லாம் பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் இந்தக் கட்டடம் இருக்கற தெருவுக்கே வர மாட்டாங்க. கூட்டிட்டுப் போயிடுங்க."

"நீங்களே சொல்லலாமே."

"திங்கக்கிழமை இந்தக் கையை யார் பிடிப்பா?" என்றார் அவர். சொன்னதற்காக வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் கேட்டாள். "நிஜத்துல எப்படி இருந்தாராம்? இங்க இருக்கறவங்க யாராவது..."

"டெக்னீசியன் தம்பிகிட்ட விசாரிச்சேன். கதைக்கு ஏதாவது கிடைக்குமேன்னு. சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவாராம். போர்வையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்குவாராம். கிளம்பறப்போ மட்டும் 'வரேன்'னு சொல்வாராம். அவ்வளவுதான்."

அதுதான் அப்பா. காலையிலிருந்து அவள் கேட்டதில் நம்பும்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

*

திரும்பும் வண்டியில் அம்மா நிறையப் பேசினாள். போட்டோவில் வழுக்கைத் தாத்தா முன்வரிசைக்கு இடித்துக்கொண்டு வந்தது, அந்தக் கல்லூரிப் பெண் மறுபடியும் பிடித்துக்கொண்டு 'புதிய நட்பு'க்கு நேராகப் புள்ளி வைத்துவிட்டது. மகள் ம் கொட்டினாள். வாய்க்குள் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பேசுவது எவ்வளவு கஷ்டம். கல்கண்டை வைத்துக்கொண்டாலாவது கரையும்.

ஒரு வார்த்தை போதும். அம்மா அவளுடையவள் ஆகிவிடுவாள். புருஷன் இரவு வேலைக்குப் போன வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, குழந்தை அசைகிறதா என்று வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே விடியும்வரை கிடக்க வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவில்லையே யாரும். உண்மையைத்தானே சொல்லச் சொல்கிறார்கள்.

சாயங்காலம், மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குள் அம்மா வந்து, பரணிலிருந்து பழைய பை ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாள்.

"எதுக்கு அத்தை?"

"சனிக்கிழமை கிளம்பணுமே."

மருமகள் மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு நாத்தனாரைத் தேடி ஓடினாள். "அம்மா வர்றாங்களாம்! பையைக் கேக்கறாங்க!" என்று காதில் சொல்லிவிட்டு, ஏதோ தானே ஜெயித்த மாதிரி அவள் கையை அழுத்தினாள்.

மகள் அம்மாவின் அறைக்குப் போனாள். கட்டிலில் நாலு புடவை. பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அம்மா பையைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள்.

"வர்றேன்டி. அவர் இல்லாமப் போனதுக்கு அப்புறம் அவர் பேச்சைக் கேக்கலாம்னு அங்க போனேன். உன்னையும் தனியா விட்டுட்டு அந்தப் பேச்சைக் கேட்டா அவருக்கே பிடிக்காது." புடவை ஒன்றை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா?"

"என்னம்மா?"

"நான் உன் பேரை எடுத்தாலே எழுந்து வெளிய போயிடுவார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவ எப்படி இருக்கான்னு. அந்த மனுஷன் குடை எடுத்தாளான்னு கேட்டிருப்பாரா?" அம்மாவின் கை புடவையின் மேல் நின்றது. "நீ நம்பறியா?"

இதோ. அம்மாவே கதவைத் திறந்துவிட்டாள். தள்ளக்கூட வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். ஒரு பதில் இல்லாத நிமிஷம். அம்மா புரிந்துகொள்வாள். பையை மூடிக்கொண்டு சனிக்கிழமை வந்துவிடுவாள். வந்த பிறகு மகள் வீட்டுச் சுவர் ஒன்றைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

"நம்பறேன்மா" என்றாள் மகள்.

அது போதவில்லை. அம்மாவின் கண் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை போன் வந்துச்சு. நல்ல மழை அன்னிக்கு. வேலையை விட்டுக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். எடுத்தேன், யாரும் பேசலை. மூச்சு மட்டும் கேட்டுச்சு. 'யாரு'ன்னேன். வெச்சுட்டாங்க." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "அப்பாதான்மா அது."

முழுப் பொய் இல்லை. ஒரு மழை நாளில் பேசாத போன் ஒன்று வந்தது நிஜம். அறிமுகமில்லாத எண். தவறான அழைப்பு என்று நினைத்து அடுத்த நிமிஷமே மறந்துபோனாள். இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. யாராக இருக்கும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் தெரியவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது அழுகையா என்றுகூடச் சந்தேகம் வந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா? பாத்தியா? தபால்காரர் சொன்னது சரியாப்போச்சு பாத்தியா? வார்டுக்குள்ள மேசையில ஒரு போன் இருக்குடி. அதுலேருந்துதான் கூப்பிட்டிருப்பார். மெஷின்லேருந்து எழுந்ததும் போய்..."

"ஆமாம்மா."

"இதைத் தபால்காரர்கிட்டச் சொல்லணும். பாவம், அவருக்குத் தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவார்!" அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கினாள். புடவைகளைப் பார்த்தாள். "ஏண்டி... சனிக்கிழமை டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்த முடியுமா? திங்கக்கிழமை ஒரே ஒரு நாள். கையைப் பிடிச்சுக்கிட்டே சொல்லிட்டு வந்துடறேன்."

திங்கள் முடிந்தால் வியாழன் வரும். மகளுக்குத் தெரியும். அவள் போட்ட முடிச்சுதான் இது. யாரைக் குறை சொல்ல?

"அண்ணன்கிட்ட சொல்றேன்மா" என்றாள்.

அம்மா எழுந்து ஜன்னல் மேடையிலிருந்த நகவெட்டியை எடுத்து, பைக்குள் வைக்கப் போனாள். யோசித்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

மகள் கூடத்துக்கு வந்தாள். பெட்டி அங்கேயே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போகக் காலை எடுத்து வைத்தபோது, காலையில் வந்த அதே சுருக், இம்முறை இடுப்பைச் சுற்றி இழுத்துப் பிடித்தது. பிடித்தது விடவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்தாள்.

உள்ளே அம்மா முணுமுணுவென்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு ஒத்திகை. 'நல்ல மழையாம். எடுத்தாளாம். பேசவே இல்லையாம்...'

"அம்மா" என்றாள் மகள்.

"என்னடி?" அந்தக் குரலில் இத்தனை சந்தோஷத்தை அவள் கேட்டு எத்தனை காலம் ஆகிறது.

"ஒண்ணுமில்லை."

கைப்பிடியை விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.